பிக்கப்பில் கேம்பிங்: 500 டாலருக்குள் ஃப்ரிட்ஜா, ஐஸ் பெட்டியா?

கேள்வி இதுதான். டொயோட்டா டகோமா, 5 அடி பின் தொட்டி, அதன்மேல் ஃபைபர் மூடி. கணவன், மனைவி, ஒரு சின்னக் குழந்தை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாதம் ஒரு தடவை யூட்டா, அரிசோனா பக்கம், ஒவ்வொரு தடவையும் 3 இரவு. பால், தயிர், இட்லி மாவு, மீன் எல்லாம் கெடாமல் இருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 500 டாலரைத் தாண்டக் கூடாது. என்ன வாங்கலாம்?

பெட்டியைத் தேடும் முன் மின்சாரக் கணக்கைப் போடுங்கள். 500 டாலரில் பெரும்பகுதியை ஃப்ரிட்ஜில் போட்டுவிட்டு, அதை இரவு முழுக்க ஓட்ட வழியில்லாமல் இரண்டாம் நாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்பவர்கள்தான் அதிகம். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் போவோம் என்றால் நல்ல ஐஸ் பெட்டி ஒன்றே போதும், மேலே படிக்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்லும் ஏழு தடவைக்கு, 35–45 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜில் (வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரியே வேலை செய்யும் சின்னப் பெட்டி) மலிவானது ஒன்றும், அதற்குச் சமமான காசுக்கு ஒரு லித்தியம் பேட்டரியும் வாங்குவதே சரி. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் வாங்கக் கூடாததைச் சொல்லிவிடலாம். 50, 80 டாலருக்கு 'கார் ஃப்ரிட்ஜ்' என்று விற்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கம்ப்ரசரே கிடையாது. உள்ளே ஒரு பெல்டியர் சில்லும் இரண்டு ஃபேனும்தான். மின்சாரம் பாய்ந்தால் சில்லின் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். வெளியே இருப்பதைவிட சுமார் 20 டிகிரி செல்சியஸ் குறைக்கத்தான் அதற்குத் தெம்பு. யூட்டாவின் மோவாபில் ஜூலை மதியம் 38 டிகிரி என்றால் பெட்டிக்குள் 18. தயிர் புளிக்க அது தாராளம். பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டும் இருக்காது. 45–60 வாட் இழுத்துக்கொண்டு 24 மணி நேரமும் ஓடும், ஒரு நாளைக்கு 1,100 முதல் 1,400 வாட்-மணி வரை போய்விடும். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் மூன்று நாளைக்குச் சாப்பிடுவதை இது ஒரே நாளில் சாப்பிட்டுவிட்டு, குளிர்ச்சியும் தராது. கண்டுபிடிப்பது சுலபம். 'கூல், வார்ம்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், எடை 5 கிலோவுக்குள் இருக்கும், விவரக்குறிப்பில் 'வெளிவெப்பத்தைவிட இவ்வளவு குறைவு' என்று எழுதியிருக்கும். கம்ப்ரசர் உள்ளது என்றால் 'மைனஸ் 20 வரை' என்று நேரடியாகப் போட்டிருப்பார்கள். மிகச் சிறியதே 8, 9 கிலோ கனக்கும்.

கேஸிலும் மின்சாரத்திலும் ஓடும் மூன்று வழி ஃப்ரிட்ஜ் உங்களுக்கு ஆகாது. வண்டி சமதளமாக நிற்க வேண்டும், புகை வெளியேற வழி வேண்டும். மூடி போட்ட தொட்டிக்குள் அதைக் கொளுத்துவது ஆபத்து.

ஐஸ் பெட்டியின் கணக்கு

ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். மின்சார அளவில் சொன்னால் 93 வாட்-மணி. அமெரிக்கக் கடைகளில் விற்கும் 10 பவுண்டு பை 4.5 கிலோ, அதாவது சுமார் 420 வாட்-மணி. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விளம்பரங்களுக்கு மயங்க மாட்டீர்கள்.

சுவர் 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள 50 லிட்டர் பெட்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளே 3 டிகிரி, வெளியே இரவும் பகலும் சராசரியாக 28 டிகிரி என்றால், சுவர் வழியாக நுழையும் வெப்பம் 13–14 வாட் இருக்கும். ஒரு நாளைக்கு 325 வாட்-மணி, அதாவது மூன்றரைக் கிலோ ஐஸ். திறந்து மூடுவதையும் சேர்த்தால் நாளொன்றுக்கு ஒரு பை என்று வைத்துக்கொள்ளலாம். 40 டாலர் பெட்டியில் சுவர் பாதி தடிமன்தான் இருக்கும், மூடிக்குள் ஃபோமே இல்லாமல் வெறும் காற்று இருக்கும். அதற்கு இரண்டு பை. 'ஐந்து நாள் ஐஸ் நிற்கும்' என்று விளம்பரம் சொல்வது பெட்டி நிறைய ஐஸைப் போட்டு, திறக்காமல் வைத்துப் பார்த்தது.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அறை வெப்பத்தில் இருக்கும் 10 லிட்டர் பானத்தை 30 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்கு இறக்க மட்டும் 3.4 கிலோ ஐஸ் வேண்டும். ஏறக்குறைய ஒரு முழு நாளின் ஐஸ், சாப்பாட்டைத் தொடும் முன்பே காலி. ஆகையால் உள்ளே போகும் ஒவ்வொரு பொருளும் முதல் நாளே வீட்டு ஃப்ரிட்ஜில் குளிர்ந்திருக்க வேண்டும். பெட்டியையும் முந்தின இரவே ஒரு பை ஐஸ் போட்டுக் குளிர வைத்து, காலையில் அதைக் கொட்டிவிட்டுப் புது ஐஸ் போட வேண்டும். சுவரில் உள்ள ஃபோமும் பிளாஸ்டிக்கும் சூடாக இருந்தால் அவையும் ஐஸைத் தின்னும்.

கடை ஐஸைவிட வீட்டில் உறைய வைத்த கட்டி நல்லது. இரண்டு லிட்டர் சோடா பாட்டில்களில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்தால் காசும் மிச்சம், பெட்டிக்குள் தண்ணீர் தேங்குவதும் இல்லை, உருகியபின் குடிக்கலாம். உதிரி ஐஸ் சீக்கிரம் குளிர வைக்கும், கட்டி நெடுநேரம் நிற்கும். அடியில் கட்டி, இடைவெளிகளில் உதிரி என்று இரண்டும் கலந்து போடுங்கள். உருகிய தண்ணீரை உடனே வடிக்க வேண்டுமா என்பதில் ஆளுக்கொரு கட்சி. ஐஸ் மிச்சம் இருக்கும்வரை அந்தத் தண்ணீரும் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கும், பானங்களுக்கு அது நல்லதே. ஆனால் சாப்பாட்டுப் பெட்டியில் தண்ணீர் நிற்கவே கூடாது. மீன் கவரில் ஓர் ஓட்டை இருந்தால் பெட்டி முழுக்க மீன் தண்ணீர்தான். முடிந்தால் பானத்துக்கு ஒரு மலிவுப் பெட்டியைத் தனியாக வையுங்கள். குழந்தை நாளுக்கு இருபது தடவை திறப்பது அந்தப் பெட்டியைத்தான்.

லைஃப்டைம் நிறுவனத்தின் 55 குவார்ட் (சுமார் 52 லிட்டர்) பெட்டி வழக்கமாக 100–150 டாலருக்குள் கிடைக்கும். தடிமனான சுவர், மூடி ஓரத்தில் ரப்பர் பட்டை (கேஸ்கெட்) எல்லாம் உண்டு. விலை உயர்ந்த யெட்டி பெட்டிக்குக் கொடுக்கும் காசில் பாதிக்கும் கீழே. ஐஸ் பெட்டி என்று முடிவு செய்தால் அதற்கு மேல் செலவு செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து.

உலர் ஐஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அது உறைந்த கரியமில வாயு, மைனஸ் 78.5 டிகிரி. மீனையும் இறைச்சியையும் உறைந்த நிலையிலேயே வைக்க உதவும், ஆனால் கரியமில வாயுவாக மாறிக்கொண்டே இருக்கும். தொட்டியில் மூடிக்குக் கீழே படுத்துத் தூங்குபவர்கள் அதை அதே இடத்தில் வைக்கவே கூடாது, மூச்சு முட்டும். பெட்டி மூடியை இறுக்கிப் பூட்டினால் வாயு அழுத்தத்தில் வெடிக்கவும் கூடும்.

கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ்

அல்பிகூல் போன்ற சீனத் தயாரிப்புகள் 35–45 லிட்டரில் 200–280 டாலருக்கு வருகின்றன. அதே அளவில் டொமெடிக், ஏஆர்பி வாங்கினால் 800–1,000 டாலர். நடுவில் ஐஸ்கோ இருக்கிறது. அதன் பல மாடல்களில் செகோப் கம்ப்ரசர். செகோப் வேறு யாருமில்லை, 2010 வரை டான்ஃபோஸ் நிறுவனத்தின் கம்ப்ரசர் பிரிவாக இருந்ததுதான். பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றை யாராவது 'டான்ஃபோஸ் கம்ப்ரசர்' என்று பெருமையாக விற்றால், கம்ப்ரசரில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள், அதிலும் டான்ஃபோஸ் என்றே இருந்தால் அதன் வயதையும் ஊகித்துக்கொள்ளலாம். செகண்ட் ஹேண்டில் ஏங்கல் கிடைத்தால் மட்டும் யோசிக்காமல் பாருங்கள். ஜப்பானின் சவாஃபுஜி செய்யும் அதன் ஸ்விங் கம்ப்ரசரில் அசையும் பாகம் மிகக் குறைவு, உழைப்புக்குப் பெயர் போனது.

கூடுதல் காசு எதற்குப் போகிறது என்றால் உலோக உடம்பு, உறுதியான கொக்கி, கொஞ்சம் தடிமனான ஃபோம், உதிரி பாகம் கிடைப்பது, சீக்கிரம் குளிர்வது ஆகியவற்றுக்கு. பாலை 3 டிகிரியில் வைக்கும் வேலையை 230 டாலர் பெட்டியும் செய்யும்.

பெட்டியில் '45 வாட்' என்று போட்டிருப்பது கம்ப்ரசர் ஓடும் நேரத்தில் இழுப்பது. 3 டிகிரியை எட்டியபின் அது விட்டுவிட்டுத்தான் ஓடும். 40 லிட்டர் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு, வெளியே 25 டிகிரி என்றால் 250–300 வாட்-மணி, 32 டிகிரியில் 350–450, வெயிலில் நிற்கும் தொட்டி மூடிக்குள் 40ஐத் தாண்டினால் 500–600 என்று வைத்துக் கணக்குப் போடலாம். மைனஸ் 18ல் ஃப்ரீசராக ஓட்டினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனவே ஐஸ்கிரீம் ஆசையை விட்டுவிடுங்கள். இரண்டு அறை மாடலும் வேண்டாம். அதே காசுக்கு இடம் குறையும், மின்செலவு ஏறும், மலிவு ரகத்தில் இரண்டு அறைக்கும் ஒரே கம்ப்ரசர்தான்.

அளவில் ஒரு சௌகரியம் உண்டு. ஐஸ் பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஐஸுக்கே போய்விடும். ஃப்ரிட்ஜில் முழுக்கச் சாப்பாடு வைக்கலாம். உங்கள் மூன்று பேருக்கு 40 லிட்டர் போதும். லிட்டரைவிட உள் உயரத்தைப் பாருங்கள். ஒரு கேலன் பால் கேன் நிற்க 26 சென்டிமீட்டர் வேண்டும், 2 லிட்டர் பாட்டிலுக்கு 32. உள்ளே ஒரு பக்கம் கம்ப்ரசருக்கு மேலே படி மாதிரி ஒரு மேடு இருக்கும். அங்கே எப்போதும் 3, 4 டிகிரி கூடுதலாக இருக்கும், அடியிலோ உறையும். மேட்டில் கொத்தமல்லி, கறிவேப்பிலை, முட்டை; அடியில் பால், மீன்.

மின்சாரம், மின்சாரம்

முதல் விதி: வண்டியின் ஸ்டார்ட்டர் பேட்டரியை நம்பி இரவில் ஃப்ரிட்ஜை ஓட்டாதீர்கள். ஓர் இரவு தாங்கினாலும் தாங்கலாம். வண்டியை நகர்த்தாமல் இரண்டாம் இரவும் ஓட்டினால் ஸ்டார்ட் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த பேட்டரி, ஒரு சில நொடி பெரிய மின்னோட்டம் கொடுக்கச் செய்தது. மெதுவாக வடித்து வடித்து நிரப்பினால் அதன் ஆயுளே போய்விடும்.

'ஃப்ரிட்ஜில் பேட்டரி பாதுகாப்பு இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது. ஹை, மீடியம், லோ என்று மூன்று நிலை. வோல்டேஜ் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் கம்ப்ரசர் நின்றுவிடும். எந்த நிலைக்கு எத்தனை வோல்ட் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் பாருங்கள். மலிவு மாடல்கள் சிலவற்றில் 'ஹை' என்பதே 11.1 வோல்ட் அளவில்தான். ஈய-அமில பேட்டரி அந்த அளவுக்கு இறங்கும்போது ஏற்கெனவே காலி. வண்டி பேட்டரியில் ஓட்டும்போது ஹை, தனி லித்தியம் பேட்டரியில் ஓட்டும்போது லோ. லித்தியத்துக்குள் தனக்கென ஒரு பாதுகாப்புச் சுற்று இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு: பேட்டரி நிறைய இருந்தும் ஃப்ரிட்ஜ் நின்று நின்று போகும், திரையில் எரர் காட்டும். ஃப்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புபவர்கள் பலர். குற்றம் பெரும்பாலும் வயரில். இன்ஜின் பக்கத்து பேட்டரியிலிருந்து தொட்டி வரை 5 மீட்டர், போக வர 10 மீட்டர். மெல்லிய 18 கேஜ் வயரில் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்) 5 ஆம்பியர் போனால் வழியிலேயே 1 வோல்ட் காணாமல் போகும். பேட்டரியில் 12.2 இருந்தால் ஃப்ரிட்ஜுக்குத் தெரிவது 11.2. கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் இன்னும் இறங்கும், உடனே பாதுகாப்பு வெட்டிவிடும். நின்றவுடன் வோல்டேஜ் ஏறும், மறுபடி முயலும், மறுபடி வெட்டும். அதே தூரத்துக்கு 12 கேஜ் போட்டால் இழப்பு கால் வோல்ட், 10 கேஜ் என்றால் 0.16 வோல்ட்தான். பிரத்தியேக வயர் இழுப்பதாக இருந்தால் 10 கேஜ் போடுங்கள். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் வண்டியையே எரித்துவிடும், அதைத் தடுப்பது அந்த ஃபியூஸ்தான்.

அடுத்த பலவீனம் சிகரெட் லைட்டர் பிளக். மண் பாதையின் குலுக்கலில் மெல்ல வெளியே வந்துவிடும். அரைகுறைத் தொடர்பில் சூடாகி பிளாஸ்டிக் உருகும். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் மாற்றியாக வேண்டும். அதற்குப் பதில் போடும், இறுக்கமாகப் பிடிக்கும் ஆண்டர்சன் கனெக்டர் ஜோடி சில டாலர்தான்.

உங்களுக்கு நான் சொல்வது தொட்டிக்குள் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்திலேயே 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. கொள்ளளவு 1,280 வாட்-மணி. இப்போது 150–250 டாலருக்குள் கிடைக்கிறது. அரை மீட்டர் வயர்தான், வோல்டேஜ் இழப்புத் தொல்லை அதோடு தீர்ந்தது. வீட்டில் 14.6 வோல்ட், 10 ஆம்பியர் சார்ஜரில் ஓர் இரவு போட்டால் நிறைந்துவிடும். செலவு: ஃப்ரிட்ஜ் 220, பேட்டரி 180, சார்ஜர் 45, ஃபியூஸ், வயர், கனெக்டர் 30, பேட்டரிக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி 20. மொத்தம் 495. இந்த விலைகளில் தள்ளுபடி நாளில் வாங்கினால்தான் கிடைக்கும் சிலவும் உண்டு, அவசரப்பட வேண்டாம்.

மூன்று இரவுக்கு இது தாங்குமா? போகும்போதும் வரும்போதும் வண்டியின் சாக்கெட்டில் செருகி ஓட்டிவிட்டால், பேட்டரிக்கு மிஞ்சுவது இரண்டரை, மூன்று நாள். 400 வாட்-மணி வீதம் 1,000–1,200. வசந்தத்திலும் அக்டோபரிலும் தாங்கும். ஜூலை, ஆகஸ்டில் தாங்காது. அதற்கு 100 வாட் சோலார் பேனலும் சார்ஜ் கன்ட்ரோலரும் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல வெயிலில் நாளுக்கு 300–350 வாட்-மணி கிடைக்கும், 500 கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். பேனலை மூடியின் மேல் ஒட்டுவதைவிட நீள வயருடன் தரையில் வைப்பது மேல். வண்டி நிழலில் நிற்க வேண்டும், பேனல் வெயிலில் கிடக்க வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் நடக்காது.

ஓட்டும்போதே பேட்டரியைச் சார்ஜ் செய்ய விரும்பினால் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (வண்டி மின்சாரத்தை அளவாகப் பேட்டரிக்கு அனுப்புவது), 8 கேஜ் வயர், 30 ஆம்பியர் ஃபியூஸ். லித்தியத்தை நேரடியாக ஆல்டர்நேட்டருடன் (இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தருவது) இணைக்காதீர்கள். அது கிடைப்பதையெல்லாம் இழுக்கும், ஆல்டர்நேட்டர் சூடாகிச் சாகும்.

இன்னொரு விஷயம், இந்த வகை பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. மின்சாரம் எடுப்பதில் தடையில்லை. யூட்டாவின் பிரைஸ் கேன்யன் 2,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, ஏப்ரலிலும் அக்டோபரிலும் இரவில் உறையும். காலையில் வெயில் ஏறியபின் பேனலை இணைத்தால் போதும்.

இதெல்லாம் ஒட்டுவேலை, நமக்கு ஆகாது என்றால் பேட்டரி, இன்வெர்ட்டர், சாக்கெட் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் பவர் ஸ்டேஷன் வாங்கலாம். 500 வாட்-மணி உள்ளது 250–300 டாலர் வரும், ஒரு நாளுக்குச் சற்று மேல் தாங்கும். வண்டி சாக்கெட்டில் செருகினால் 100 வாட் வீதம்தான் ஏறும், நிரம்ப 5 மணி நேரம் ஓட்ட வேண்டும். தினமும் மூன்று மணி நேரம் ஊர் மாறிப் போகிறவர்களுக்குச் சரி, ஒரே இடத்தில் டேரா போடுபவர்களுக்குப் போதாது. வாங்கினால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, ஃப்ரிட்ஜை அதன் ஏசி பிளக்கில் செருகாதீர்கள். இன்வெர்ட்டர் சும்மா இருப்பதற்கே 10–20 வாட் தின்னும், நாளுக்கு 240–480 வாட்-மணி, அதாவது ஃப்ரிட்ஜ் அளவுக்கு இன்னொரு ஃப்ரிட்ஜ். 12 வோல்ட் துளையில் மட்டும் செருகுங்கள். இரண்டாவது, கம்ப்ரசர் ஓய்வில் இருக்கும்போது ஃப்ரிட்ஜ் ஓரிரு வாட்தான் இழுக்கும். 'யாரும் பயன்படுத்தவில்லை' என்று நினைத்துப் பவர் ஸ்டேஷன் தானாக அணைந்துவிடும். காலையில் பார்த்தால் பேட்டரி 90 சதவீதம், ஃப்ரிட்ஜுக்குள் 15 டிகிரி. செட்டிங்கில் 12 வோல்ட்டுக்கான தானியங்கி அணைப்பை நிறுத்திவிட்டுத்தான் தூங்கப் போக வேண்டும்.

தொட்டியில் வைப்பது

ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளும் இயந்திரம். அந்தச் சூடு போக இடம் வேண்டும். காற்றுத் துளைகள் உள்ள பக்கங்களில் 8–10 சென்டிமீட்டர் விடுங்கள். தூங்கும் பையையும் ஜாக்கெட்டையும் அதன்மேல் அடைத்தால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். மதியம் மூடியின் ஜன்னல்களைத் திறந்து வைப்பதே நாளுக்கு 100 வாட்-மணி வரை மிச்சப்படுத்தும். மாடலுக்கென்றே விற்கும் ஃபோம் உறை கிடைத்தால் வாங்கலாம், துளைகளை மறைக்காததாகப் பார்த்து. சிவப்பு மண் பாதையில் போய் வந்தபின் துளைகளையும் உள்ளே தெரியும் கம்பிவலையையும் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள்.

கட்டும்போது ராட்செட் ஸ்ட்ராப் (நெம்பி நெம்பி இறுக்கும் பட்டை) வேண்டாம். அது இழுக்கும் இழுப்பில் மூடி வளைந்து கேஸ்கெட் ஓரத்தில் இடைவெளி விழும். சாதாரண கொக்கி ஸ்ட்ராப்பைக் கைப்பிடிகள் வழியாகக் கோத்து, அசையாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். நிரம்பிய ஃப்ரிட்ஜ் 30 கிலோ. பிளாஸ்டிக் கைப்பிடி தனியாக அந்த எடையைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம், அடியில் சறுக்காத ரப்பர் பாய் போடுங்கள். மூடி திறக்க மேலே இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள். தொட்டி மூடிக்குக் கீழே பாதிதான் திறக்கும் என்றால் இருபுறமும் கழற்றக்கூடிய மூடியுள்ள மாடலே உதவும். 30 டிகிரிக்கு மேல் சாய்ந்து ஓடக் கூடாது. படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்திச் சில மணி நேரம் கழித்தே போடுங்கள், கம்ப்ரசர் எண்ணெய் கீழே இறங்க வேண்டும்.

வாங்கியவுடன் செய்ய வேண்டியது

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டிலேயே 24 மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பத்துத் தண்ணீர் பாட்டில் வைத்து, 3 டிகிரிக்கு செட் செய்து, நடுவில் ஒரு தனித் தெர்மாமீட்டர் போடுங்கள். திரையில் காட்டுவது சென்சார் இருக்கும் மூலையின் வெப்பம்தான், பால் இருக்கும் இடம் வேறு. சாப்பாடு 4 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி. அதற்கு மேல் இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் அனுமதி. பிறகு ஒரு டாலர் நோட்டை மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் நோட்டு பிடித்துக்கொள்ள வேண்டும். எங்காவது வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே கேஸ்கெட் படியவில்லை. வெளிச்சுவரில் ஒரு இடத்தில் மட்டும் வியர்வை மாதிரி நீர் கோத்தால் அங்கே ஃபோம் நிரம்பவில்லை என்று அர்த்தம், தயங்காமல் மாற்றுங்கள்.

கிளம்பும் முந்தின இரவே வீட்டு மின்சாரத்தில் செருகி, மேக்ஸ் நிலையில் 1 டிகிரி வரை இறக்குங்கள். சாமானை அடுக்கிக் கிளம்பியபின் ஈகோ நிலை, 3 டிகிரி. ஈகோவில் மின்னோட்டம் குறைவு, சத்தமும் குறைவு. தொட்டியில் பக்கத்திலேயே படுப்பவர்களுக்கு அது முக்கியம். மதியம் இரண்டு மணி நேரம் வண்டியை அணைத்து நிறுத்துவதால் ஒன்றும் ஆகாது. நிரம்பிய ஃப்ரிட்ஜ் அதற்குள் ஓரிரு டிகிரிதான் ஏறும். காலி இடத்தைத் தண்ணீர் பாட்டிலால் அடையுங்கள், திறக்கும்போது வெளியேற வெறும் காற்று இருக்காது.

மாவைப் புளிக்கும் முன்பே குளிர வைத்து எடுத்துச் செல்லுங்கள். 3 டிகிரியிலும் அது மெல்லப் பொங்கும், குலுக்கலில் இன்னும். டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விட்டு, அதை ஒரு தட்டின் மேல் வையுங்கள். சாம்பார், குழம்பை ஜிப் பையில் ஊற்றித் தட்டையாகப் படுக்க வைத்து உறைய வைத்தால், முதல் இரண்டு நாள் அதுவே ஐஸ் கட்டி, மூன்றாம் நாள் சாப்பாடு. மீனும் அதே மாதிரி உறைந்து, இரட்டைப் பையில், அடியில்.

கலிஃபோர்னியா பக்கம் போகும் எண்ணம் இருந்தால் கரடி விதிகளையும் பாருங்கள். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இரவில் வண்டிக்குள் சாப்பாடு வைக்கத் தடை. ஃப்ரிட்ஜில் உள்ளதும் முகாமில் கரடிக்காக வைத்திருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். அந்தப் பெட்டிகளில் 18 அங்குல உயரமே உள்ளவையும் உண்டு, உங்கள் ஃப்ரிட்ஜ் அதற்குள் நுழையாமல் போகலாம். அந்த மாதிரிப் பயணத்துக்கு ஐஸ் பெட்டிதான் வசதி.

வீடு திரும்பியதும் ஃப்ரிட்ஜை சோடா உப்புத் தண்ணீரில் துடைத்து, ஒரு மரத்துண்டு செருகி மூடியை இரண்டு விரல் இடைவெளியில் திறந்தபடி வையுங்கள், பூஞ்சை பிடிக்காது. குளிர்காலம் முழுக்க சும்மா கிடக்கும் என்றால் பேட்டரியைப் பாதிக்குச் சற்று மேல் சார்ஜ் இருக்கும் நிலையில், ஃப்ரிட்ஜிலிருந்து பிளக்கைக் கழற்றி, வீட்டுக்குள் வையுங்கள்.